குளிரில் சாகாத பூச்சி

அவளுக்கு டிகிரி என்று பேர் வந்தது படித்து வாங்கிய பட்டத்தால் அல்ல. கல்லூரி வாசல் பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஜீன்ஸ் சலவை ஆலையில், சுடுதண்ணீர்த் தொட்டிக்குள் முழங்கையை ஒரு நொடி விட்டு எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, "அம்பத்திரண்டு" என்பாள். வெப்பமானியை விட்டுப் பார்த்தால் ஐம்பத்திரண்டு டிகிரியே இருக்கும். ஒரே ஒரு தடவை அவள் ஐம்பத்து மூன்று என்றும் வெப்பமானி ஐம்பது என்றும் சொன்னபோது, குப்பைக்குப் போனது வெப்பமானிதான்.

தெருவில் யார் வீட்டுக் குழந்தைக்கு உடம்பு சுட்டாலும் அவளிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். நெற்றியில் முழங்கையை வைத்து "நூத்தி ஒண்ணு" என்பாள். சாலையின் எதிர்ப்புறத்தில் நின்றுகொண்டே சொல்லிவிடுவாள் என்றும் ஒரு பேச்சு உண்டு. அது பொய். மற்றதெல்லாம் நிஜம்.

புகழெல்லாம் முழங்கையோடு சரி. மீதி உடம்பு முழுக்கப் பயம். வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். அவள் இழுக்கிற இழுப்பில் பூட்டுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிடும். தெருமுனை போய்த் திரும்பி வந்து அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பாள். போன் மணி அடித்தால் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் எடுப்பாள். இதனால் அவள் கணவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். அவர் ஒரு மனமகிழ் மன்றத்து நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்கிறவர், அலட்டிக்கொள்ளாத மனிதர். சாயங்காலம் அவள் உள்ளே நுழைந்ததும், "இன்னைக்குப் பயம் எத்தனை டிகிரி?" என்று கேட்பார். நாற்பது என்பாள், நாற்பத்தைந்து என்பாள். ரொம்ப மோசமான நாளில்கூட அறுபதைத் தாண்டியதில்லை.

அந்தப் பயத்துக்கு ஆலையில் மட்டும் மரியாதை இருந்தது. அதற்குக் காரணம் பூச்சி.

தைத்து வருகிற ஜீன்ஸ் பேண்ட் முதலில் பலகை மாதிரி விறைப்பாக இருக்கும். அதை மெத்தென்று ஆக்கி, நாலு வருஷம் போட்டுப் பழகியது போலக் காட்ட, ஒரு பழுப்புத் திரவத்தைத் தொட்டியில் ஊற்றுவார்கள். நொதி என்பது அதன் ஜாதி. அதற்கென்று வைத்திருந்த பேரோ ரயில் பெட்டி நீளம். யார் நாக்கிலும் அது திரும்பவில்லை. துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கிறதே என்று யாரோ பூச்சி என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், "பூச்சியை விட்டாச்சு, கையை விடு" என்று சொல்லக் கேட்டவள் இரண்டு நாள் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் மருந்துக்காரர் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் வேதியியல் படித்தவர். எந்தத் தொட்டியில் எதை எவ்வளவு ஊற்றுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு.

"அது உயிரே இல்லம்மா. முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒரு புரதம், அவ்வளவுதான். குட்டிக் கத்திரிக்கோல்னு வச்சுக்கோயேன். நூலை நறுக்கிக்கிட்டே போகும். அம்பது அம்பத்தஞ்சு டிகிரி சூடு, கொஞ்சம் புளிச்ச தண்ணி, இது ரெண்டும் இருந்தா அதுக்குக் கொண்டாட்டம். சூடு குறைஞ்சா கை மெதுவாகும். எண்பதுக்கு ஏத்திட்டா கத்திரியே கோணிக்கும். வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டை ஆகுமா? ஆகாதில்ல? அதைத்தான் இங்க கொல்றதுன்னு சொல்றோம்."

"துணி போதுமான அளவு மெத்துனு ஆனதும் அதுவா நிறுத்திடாதா சார்?"

"அதுக்கு நிறுத்தத் தெரியாது. நாமதான் நிறுத்தணும்."

இந்தக் கடைசிப் பேச்சு அவள் தொண்டையில் முள்ளாய்க் குத்தி நின்றுவிட்டது. அதற்கு முன்னால் அவர் சொன்ன 'கை மெதுவாகும்' என்பது காதோடு போய்விட்டது. வினை அங்கேதான் விளைந்தது.

முக்கால் மணி நேரம் பூச்சி வேலை செய்ததும் நீராவி வால்வைத் திறப்பாள். தண்ணீர் எண்பதைத் தாண்டும். பத்து நிமிடம் அப்படியே ஓடவிட்டால் முடிந்தது. "கொன்னாச்சா?" என்று அந்தக் கோடியிலிருந்து குரல் வரும். "கொன்னாச்சு!" என்று இவள் கத்துவாள். "எத்தனை?" "இருநூத்தி நாப்பது!" மதிலுக்கு அந்தப் பக்கம் இதைக் கேட்ட தபால்காரர் அன்று சைக்கிளை விட்டுவிட்டே ஓடினார். அதற்குப் பிறகு இந்த ஆலைக்கு வரும் கடிதமெல்லாம் கேட்டுக்கு மேலாகப் பறந்துதான் வரும்.

ஒவ்வொரு லோடுக்கும் ஒரு அட்டை உண்டு. என்ன செய்தோம் என்று கட்டம் கட்டமாக டிக் போட வேண்டும். கடைசிக் கட்டத்தில் 'கொன்றது' என்று இருக்கும். எல்லாம் முடிந்த பிறகு டிக் போட்டால் ஈரக்கையில் மை கலைந்துவிடுகிறது என்று, வால்வைத் திறக்கும்போதே டிக்கைப் போட்டுவிடுவது அவள் வழக்கம். ஆறு வருஷமாக அப்படித்தான். ஆறு வருஷத்தில் ஒரு நாளும் டிக் பொய்யானதில்லை.

இவளுக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் ஒரு லோடைச் சரியாகக் கொல்லாமல் விட்டவர். அதில் ஒரு பேண்டை வாங்கிய ஆள் கடையிலேயே அதைப் போட்டுக்கொண்டு ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தாராம். நிமிர்ந்தபோது கடைக்காரரின் ஜன்னல் திரையைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போக முடிந்ததாம். அன்று மத்தியானமே பழைய ஆளைச் சாப்பாட்டு டப்பாவோடு வெளியே அனுப்பிவிட்டார்கள். இந்தக் கதையைச் சொல்லி எல்லாரும் சிரிப்பார்கள். டிகிரி மட்டும் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. கடைசி லோடு. டிகிரி அட்டையில் டிக் போட்டாள், வால்வைத் திருகினாள். குழாய் ஒரு ஏப்பம் விட்டது. அவ்வளவுதான். நீராவி வரவில்லை. பாய்லர் நின்றுவிட்டது. மெக்கானிக் திங்கட்கிழமைதான் வருவார் என்று பாய்லர்காரர் கையை விரித்தார்.

மருந்துக்காரர் அன்று லீவு. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். முதலாளி மனைவியின் தம்பி அவர். முன்னால் சார், முதுகுக்குப் பின்னால் மச்சினர்.

"என்ன எல்லாரும் நிக்கறீங்க? வேன் காத்துக்கிட்டிருக்கு. பச்சைத் தண்ணியில ரெண்டு தடவை அலசிப் பிழிஞ்சு வச்சுட்டுக் கிளம்புங்க."

"சார், கொல்லல..." என்றாள் டிகிரி.

"பூச்சிதானேம்மா? குளிர்ல செத்துடும்."

குளிரில் பூச்சி சாகும் என்பது யாருக்குத்தான் தெரியாது? அதை எறும்பு என்றோ கரப்பான் என்றோ நினைத்துப் பார்த்தால் ரொம்பச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கை வால்வை விட்டு வரவில்லை.

"சார்..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல சார்."

அவள் வாழ்க்கையில் அதிகம் பேசிய பேச்சு எது என்று எண்ணிப் பார்த்தால், அதுவாகத்தான் இருக்கும்.

அலசிப் பிழிந்த ஈர பேண்டுகளை மூன்று தள்ளுவண்டியில் ஏற்றி, உலர்த்தும் அறைக்குத் தள்ளினார்கள். அந்த அறை சித்தப்பாவின் ராஜ்யம். சித்தப்பா யாருக்கும் சித்தப்பா இல்லை. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் பாக்கி உள்ள, யாரையும் கடிந்து பேசத் தெரியாத மனிதர். வண்டிகளின் மேல் தூசி படாமல் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தினார். ஒன்றைப் பாய்லர் சுவரோடு ஒட்டித் தள்ளினார்.

"சுவர் இன்னும் இதமா இருக்கும்மா. திங்கக்கிழமைக்குள்ள இது பாதி காஞ்சிடும், உனக்கும் எனக்கும் ஒரு வேலை மிச்சம்."

மறுநாள் ஞாயிறு. மத்தியானம் பன்னிரண்டு மணி. மாமியார் ஃப்ரிட்ஜைத் திறந்து, முந்தின நாள் வெட்டி வைத்த பாதி ஆப்பிளை எடுத்தார். மேலெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது.

"ஏம்மா, ஆப்பிளை ஏன் இப்படித் துருப்பிடிக்க விட்டே?"

"ஃப்ரிட்ஜிலதானே அத்தை வச்சேன்."

"ஃப்ரிட்ஜில வச்சா நின்னுடுமா? மெதுவாத்தான் ஆகும். ரெண்டு சொட்டு எலுமிச்சை தேய்ச்சிருந்தா நின்னிருக்கும்."

டிகிரி கையிலிருந்த தட்டு தரையில் விழுந்து உருண்டது.

"குளிர்ல... நிக்காதா அத்தை?"

"ஆப்பிளுக்கா இவ்வளவு நடுக்கம்? விடு, தோலைச் சீவிட்டுத் தின்னுக்கறேன்."

மாமியார் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் மருந்துக்காரர் சொன்னது இப்போதுதான் வந்து சேர்ந்தது. சூடு குறைஞ்சா கை மெதுவாகும். சாகும் என்று அவர் சொல்லவே இல்லை. கத்திரிக்கோலுக்கு ஏது குளிர்? பூச்சி என்று பேர் வைத்ததால் அல்லவா அது குளிரில் சாகும் என்று எல்லாரும் நம்பினோம்! நேற்று நாலு மணியிலிருந்து இன்று பன்னிரண்டு மணிவரை, இருபது மணி நேரமாக, இருநூற்று நாற்பது பேண்டுகளையும் அது நறுக்கிக்கொண்டே இருக்கிறது. நறுக், நறுக், நறுக்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று அதன் பின்னாலேயே வந்தது. அட்டை 'கொன்றது' என்கிறது. நேற்று அவள் அடிக்க மறந்த டிக் அப்படியே இருக்கிறது. கொன்ற துணி கிழிந்தால், தப்பு அதற்கப்புறம் தொட்டவருடையது. அதற்கப்புறம் தொட்டவர் ஒரே ஒருவர். சுவர் இதமாக இருக்கிறது என்றாரே, அவர்.

கணவர் குளத்தில் காலை வேலையை முடித்துவிட்டு அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றினார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"எத்தனை?"

"எண்பது."

கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடினார்.

ஆலை வாசலில் காவலாளி நாற்காலியை விட்டு எழாமலே, "இன்னைக்கு லீவும்மா" என்றார்.

"டிபன் டப்பாவை உள்ள மறந்துட்டேண்ணே."

"சரி. இவர் எதுக்கு?"

"மூடி தனியாக் கிடக்கு. அதை இவர் தேடணும்."

அந்தப் பொய்க்குக் காவலாளி ஒரு நிமிடம் மரியாதை கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

ஆள் இல்லாத ஆலையை அவள் பார்த்ததே இல்லை. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. ஒவ்வொரு சொட்டுக்கும் அவள் தோள் தூக்கிப் போட்டது. உலர்த்தும் அறைக் கதவைத் திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அடித்தது. சுவரோரத்து வண்டியின் விரிப்பைத் தூக்கினாள். உள்ளேயிருந்து வெதுவெதுவென்று காற்று வந்தது, யாரோ உள்ளே படுத்து மூச்சு விடுவது போல. முழங்கையைத் துணிக்கு நடுவில் விட்டாள்.

"முப்பத்தெட்டு."

நடு வண்டி முப்பது. கதவோரத்து வண்டியில், ஜன்னல் காற்று நேராகப் படும் இடத்தில், இருபத்துமூன்று.

கணவர் சுவரோரத்து வண்டியிலிருந்து ஒரு பேண்டை உருவி, முட்டியில் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினார். விரல் அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தது. துணி சத்தம்கூடப் போடவில்லை. நனைந்த காகிதம் மாதிரி விட்டுக்கொடுத்தது.

"ஐயோ" என்றார், இருபது வருஷத்தில் முதல் முறையாக.

நடு வண்டியின் பேண்டை இருவரும் ஆளுக்கொரு கால் பிடித்து இழுத்தார்கள். முனகியது, ஆனால் தாங்கியது. கதவோரத்துப் பேண்ட் புதுத் துணி மாதிரி திமிறியது. ஒரே பூச்சி, ஒரே துணி, ஒரே இருபது மணி நேரம். எட்டு டிகிரி, ஏழு டிகிரி வித்தியாசம், அவ்வளவுதான்.

"எண்பதுக்கு ஏத்த நீராவி இல்ல. நான் என்னங்க பண்ணுவேன்?"

"சூடு இல்லன்னா போகுது. அதுக்குப் புளிச்ச தண்ணிதான் பிடிக்கும்னு நீதானே சொல்லுவே? தண்ணியை எதிர்ப்பக்கம் மாத்திட்டா? எங்க குளத்துல தண்ணி புளிச்சா சோடாவை அள்ளிப் போடுவோம்."

"போடலாமா? எவ்வளவு போடணும்? எனக்குச் சூடுதாங்க தெரியும்."

"தெரிஞ்சவரைக் கேளு."

தெரிந்தவர் மருந்துக்காரர். அவரைக் கேட்க வேண்டுமானால் டிக்கைச் சொல்லியாக வேண்டும். போனை எடுத்தாள், எண்ணை அழுத்தினாள், மணி அடிக்கும் முன் அணைத்தாள். மறுபடி அழுத்தினாள், மறுபடி அணைத்தாள். பக்கத்தில் வண்டிகள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. மூன்றாவது தடவை அவர் எடுத்துவிட்டார்.

"சார், நேத்துக் கடைசி லோடு... கொல்லல சார். டிக் போட்டேன். ஆனா கொல்லல."

எதிர்முனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"எத்தனை மணி நேரமாச்சு?" என்றார்.

சொன்னாள்.

"சலவை சோடா மூட்டை என் ரூமுக்குப் பின்னால இருக்கு. பச்சைத் தண்ணியிலயே கரைச்சுப் போடு. என் மேசையில புளிப்பு பாக்கற தாள் கட்டு இருக்கும், நனைச்சு நிறத்தைப் பாரு, பத்துக்கு மேல காட்டணும். அந்தத் தண்ணியில கத்திரி கோணிக்கும். அரை மணி நேரம் ஓடட்டும். நாளைக்கு நீராவி வந்ததும் இன்னொரு தடவை கொன்னுடலாம்." கொஞ்சம் நிறுத்தி, "டிக்கைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

கணவர் சுவரோரத்து வண்டியை நோக்கி ஓடினார். அதுதானே மோசமாக இருக்கிறது!

"அது போயிடுச்சுங்க" என்றாள் டிகிரி. "நடு வண்டியைத் தள்ளுங்க. அதுதான் இப்ப செத்துக்கிட்டிருக்கு. கதவு வண்டி குளுமையா இருக்கு, அது அரை மணி தாங்கும்."

பெரிய இயந்திரத்தில் தண்ணீர் ஏறியது. அவள் சோடாவைக் கரைத்து ஊற்ற ஊற்ற, அவர் தாளை நனைத்து நிறம் பார்த்தார். "ஏழு... எட்டு... ஒன்பதாகப் போகுது... இன்னும் போடு." அவளுக்கு நிறம் தெரியாது, அவருக்குச் சூடு தெரியாது. கல்யாணமாகி இருபது வருஷம் கழித்து இருவரும் ஒரே தண்ணீரில் கை வைத்தது அன்றுதான். "பத்தைத் தாண்டிடுச்சு" என்றார். அரை மணி நேரம் அவள் கடிகார முள்ளைக் கண்ணால் தள்ளினாள்.

இரண்டாவது வண்டி ஓடும்போது காவலாளி எட்டிப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நிற்கும் இருவரையும் பார்த்தார்.

"டப்பா கிடைச்சுதா?"

"கிடைச்சுதுண்ணே. கழுவிட்டிருக்கோம்."

திங்கட்கிழமை காலை சுவரோரத்து வண்டியைச் சுற்றி ஆலையே நின்றது. எண்பது பேண்டும் தொட்ட இடத்தில் விரிந்தன. மேனேஜர் அட்டையைப் புரட்டினார்.

"கொன்னதுன்னு டிக் இருக்கு. அப்ப வேற என்ன? யார் இதைச் சுவரோட ஒட்டி வச்சது?"

"நான்தான் சார்" என்றார் சித்தப்பா, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு.

"சுவர் சூட்டுல துணி வெந்துபோயிருக்கு. இத்தனை வருஷம் வேலை பாத்து இதுகூடவா தெரியாது?"

"இதமாத்தான் சார் இருந்தது..."

மருந்துக்காரர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். டிகிரியைப் பார்த்தார், அவ்வளவுதான். நேற்றுச் சொன்ன 'அப்புறம்' இதுதான் என்று அவளுக்குப் புரிந்தது. சாப்பாட்டு டப்பாவோடு வெளியே போன பழைய ஆளின் முதுகு கண்முன் வந்தது. சித்தப்பா துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"சார்" என்றாள்.

"என்ன?"

ஒண்ணுமில்ல சார் என்பது உதடுவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"அது கொல்லாத லோடு சார். வால்வைத் திருகும்போதே டிக் போட்டுட்டேன், நீராவி வரல. அந்த டிக் பொய். சித்தப்பா மேல தப்பு இல்ல."

"கொல்லலன்னு அன்னைக்கே என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன் சார். குளிர்ல செத்துடும்னீங்க."

மருந்துக்காரர் கட்டிய கையைப் பிரித்தார். "யார் சொன்னது, குளிர்ல செத்துடும்னு?"

மேனேஜருக்கு உடனே கைக்கடிகாரத்தில் பார்க்க வேண்டியது நிறைய இருந்தது. "மிச்சம் நூத்தி அறுபதும் தப்பிச்சுதுல்ல? சரி, சரி. இதைப் பத்தி முதலாளிகிட்டப் பேசிட்டுச் சொல்றேன்" என்று டிகிரியிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

கூட்டம் கலைந்ததும் சித்தப்பா அவள் பக்கத்தில் வந்தார். "சுவர் இதமா இருக்குன்னுதான்மா வச்சேன்" என்றார், அவரே குற்றவாளி போல.

"அந்த இதம்தான் சித்தப்பா அதுக்கும் பிடிச்சிருந்தது."

முதலாளி அன்று கூப்பிடுவார், மறுநாள் கூப்பிடுவார் என்று டிகிரி காத்திருந்தாள். சாப்பாட்டு டப்பாவைக் கைக்கு எட்டுகிற இடத்திலேயே வைத்துக்கொண்டாள். மாதம் மூன்றாகியும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் குளிரைப் பற்றிய பேச்சும் வரும், அதனால் மச்சினர் அந்தப் பேச்சையே எடுத்திருக்கமாட்டார் என்று ஆலையில் சொல்லிக்கொண்டார்கள். அவள் நம்பவில்லை. ஆபீஸ் அறையில் போன் அடித்தால் இப்போதும் டப்பாவைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள்.

அட்டையில் கடைசிக் கட்டம் மாறிவிட்டது. அங்கே இப்போது டிக் செல்லாது. எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று எண்ணை எழுத வேண்டும். எண்பது டிகிரித் தண்ணீரில் எவ்வளவு புகழ்பெற்ற முழங்கையையும் விட முடியாது. அதனால் டிகிரி வெப்பமானிக்கு முன்னால் நின்று, பத்து நிமிடம் முடிந்து, கையைத் துடைத்து, அதன் பிறகே எழுதுகிறாள். எழுதிய பின்னும் ஒரு பேண்டை உருவி முட்டியில் கட்டைவிரலை அழுத்திப் பார்க்கிறாள்.

நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் கேட்டார்.

"எத்தனை?"

"அம்பது."

"பரவாயில்லையே, குறைஞ்சிருக்கே!"

"குறைஞ்சா நின்னுடாதுங்க" என்றாள் டிகிரி, கதவுப் பூட்டை இரண்டாவது தடவையாக இழுத்துப் பார்த்தபடி. "மெதுவாகும், அவ்வளவுதான்."